சிதம்பரத்து ஷோரூமின் பின்வாசல்

போன மாசியில் மூன்று நாள், சிதம்பரம் புறவழிச்சாலையோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருந்த கார் ஷோரூமுக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினேன். எழுபது தாண்டியவன் செய்கிற வேலையா என்று கேட்டால், இல்லைதான். முழங்கால் வலி, வெயில், பஸ் நெரிசல் எல்லாம் இருந்தது. ஆனால் கேட்டது மாப்பிள்ளை. அவர் என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை.

மனைவி போன பிறகு மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கடலூரில் புதுச்சேரி சாலையிலிருக்கும் ஒரு ஷோரூமில் மேலாளர். வெளிநாட்டுக் கம்பெனியின் கார். கடலூரில் யார் அந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். வாங்குகிறார்கள். பண்ருட்டி முந்திரிக்காரர்கள், இறால் பண்ணை வைத்திருப்பவர்கள், கல்லூரி நடத்துகிறவர்கள், பரங்கிப்பேட்டையிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பிய குடும்பங்கள். வாங்கிய கையோடு பெரும்பாலானவர்கள் திருவந்திபுரம் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறார்கள். அந்தக் கார் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறுவது உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்வார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஸ்கூட்டர்.

அதே காரை விற்க சிதம்பரத்தில் வேறொரு முதலாளி இன்னொரு ஷோரூம் திறந்தார். அன்றிலிருந்து போட்டி. இங்கே காபி கொடுத்தால் அங்கே பாதாம் பால். இங்கே சாவி கொடுக்கும்போது ரோஜா மாலை, அங்கே ஏலக்காய் மாலை. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, இந்த மாவட்டத்துக்கு ஒரு ஷோரூம் போதும், ஆள் வரத்து எங்கே அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி யோசிக்க ஆரம்பித்தது. இரண்டு ஷோரூம்களிலும் முன்வாசல் நிலைக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். உள்ளே நுழையும் ஒவ்வொரு தலையையும் அது எண்ணி, கம்பெனிக்கே நேராக அனுப்பிவிடும். அந்தக் கணக்கில் சிதம்பரம், கடலூரைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

இதை மாப்பிள்ளை ஓர் இரவு சாப்பாட்டின்போது சொன்னார். கூடவே, "கட போச்சுன்னா கோயம்புத்தூர்ல ஒரு எடம் கெடைக்கும்போல இருக்குது மாமா. குடும்பத்தோட போற மாதிரி இருக்கும்" என்றார், ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

மகள் நிமிரவில்லை. பேத்தி மட்டும் என்னைப் பார்த்தாள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வீட்டில் நான்கு அறைகள். மூன்று பேர் போனால் ஓர் ஆள், நான்கு அறை. கணக்கு சின்னதுதான்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாமா, மெஷின் சொல்றத நம்புறதா வேணாமான்னே தெரியல. நீங்க ஒரு மூணு நாளு போயி பாத்துட்டு வாங்களேன்."

"வேவு பாக்கச் சொல்றீங்களா மாப்பிள்ள?"

"வேவெல்லாம் இல்ல. சும்மா எண்ணுறது. நீங்க எண்ணிச் சொல்லிட்டீங்கன்னா அதுக்கு மேல பேச்சில்ல. சரின்னு விட்டுடலாம்."

எண்ணுவது என்ற சொல் என்னை எழுப்பும் என்பது அவருக்குத் தெரியும். நான் முப்பத்தைந்து வருஷம் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்தவன். மாவட்டம் முழுக்கக் கிணறுகளை எண்ணியிருக்கிறேன், தென்னைகளை எண்ணியிருக்கிறேன், சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் நாள்கணக்கில் மாடுகளை எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பஸ்ஸில் எத்தனை ஜன்னல், கல்யாணத்தில் எத்தனை பந்தி, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம். மகள் சிறுவயதில் என்னைக் கேலி செய்வாள். இப்போது கேலி செய்வதும் இல்லை.

முதல் நாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். ஷோரூமுக்கு நேர் எதிரே தகரக்கூரை போட்ட டீக்கடை. நடத்துகிறவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு எதிரே பார்க்க ஆரம்பித்ததும், "என்னா பெரியவரே, காரு வாங்கலாம்னு இருக்கீங்களா?" என்றார்.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாருங்க, பாருங்க. பாக்கறதுக்கு காசில்ல. நானும் கட போட்ட நாள்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

என்னுடைய எண்ணும் முறை பழையது. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. ஒரு பன்னிரண்டு முடிந்ததும் சட்டையின் இடது பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை வலது பைக்கு மாற்றவேண்டும். தோலோடு இருக்கும் கடலைதான் சரி. உரித்ததாக இருந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஒரு முறை கிணற்றுக் கணக்கில் அப்படி ஒரு டஜன் கிணறுகளைத் தின்றுவிட்டு மறுநாள் திரும்பப் போய் எண்ணினேன்.

எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனிதர்கள் மாடுகளைவிடக் கஷ்டம். மாடு கொட்டகைக்குள் போனால் உள்ளேயே இருக்கும். மனிதன் போவான், வருவான், செருப்பை மறந்துவிட்டுத் திரும்பப் போவான், போன் பேச வெளியே வருவான். அந்தக் கருவி எப்படி எண்ணுமோ அப்படியே எண்ணவேண்டும் என்று முதல் நாள் தீர்மானித்துக்கொண்டேன். நுழைகிற தலைக்கு ஒன்று. யார், எவர் என்று பார்ப்பதில்லை.

சாயங்காலம் வலது பை கனத்தது. மாப்பிள்ளை சொல்லியிருந்த கருவிக் கணக்குக்கும் என் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்திருந்த பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை, "எப்பிடி மாமா?" என்றார்.

"மூணு நாளு முடியட்டும்."

"ஜாஸ்திதானே?"

"முடியட்டும் மாப்பிள்ள."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் முகத்தில் கவலையைத் தேடினேன். களைப்புதான் இருந்தது. அதைக் கவலை என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தடித்த மீசையும் நீலக் கழுத்துப்பட்டையுமாக ஒருவர் டீக்கடைக்கு வந்து டீ குடித்துவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார். ஷோரூமின் ஊழியர். அவரை நான் காலையிலிருந்து ஏற்கெனவே பலமுறை எண்ணியிருந்தேன். சற்று நேரத்தில் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி சுற்றிவந்து முன்வாசல் வழியாக, பளிங்குத் தரையில், கோடி ரூபாய்க் கார்களுக்கு நடுவே வாளியோடு நுழைந்தார். தண்ணீர் கேன் போடுகிறவரும் அந்த வழியேதான். ஒரு வாடிக்கையாளர் உள்ளே போனால் அவருக்குப் பாதாம் பால் வாங்க ஒருவர் வெளியே வந்து போனார். அப்படியானால் ஒருவர் வந்தால் இரண்டு தலை.

கடையம்மாளிடம் கேட்டேன். "ஏம்மா, இவ்ளோ பெரிய கட்டடத்துக்குப் பின்வாசல் இல்லியா?"

"இல்லாம என்னா. இருக்குது. பூட்டிட்டாங்க."

"ஏன்?"

அவர் நீலக் கழுத்துப்பட்டைக்காரரைக் கூப்பிட்டார். அவர் அடுத்த டீக்கு வந்திருந்தார். "தம்பி, பெரியவரு கேக்கறாரு, பின்வாசல ஏன் பூட்டுனீங்கன்னு. நீயே சொல்லு, எனக்குச் சிரிப்பு வந்துடும்."

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "வாஸ்துங்க ஐயா. தொறந்த புதுசுல ரெண்டு மாசம் ஒரு வண்டி போவல. முதலாளி ஆளக் கூட்டியாந்து காட்டுனாரு. பின்வாசல் தென்மேற்குல இருக்குது, வர்ற லட்சுமி அந்த வழியா போயிடறான்னு சொல்லிட்டாரு. பூட்டிச் சாவிய முதலாளியே வச்சிக்கிட்டாரு. குறுக்க ஒரு பீரோவையும் நிறுத்தியாச்சு."

"அப்போ பாத்ரூம்?"

"எங்களுதுங்களா? பின்னாடிதான் இருக்குது. முன்னாடி வந்து சுத்திக்கினு போவணும். சக்கரவியாதி இருக்கற ஆளுங்க மூணு பேரு. நாள் பூரா நடதான்."

கடையம்மாள் சிரித்தேவிட்டார். "லட்சுமி போவலியே தம்பி, நீங்கதான போறீங்க!"

"வியாபாரம் ஆவுதில்ல அக்கா. கம்பெனிக்காரங்களே மெச்சிக்கிறாங்க, ஆள் வரத்து ஜாஸ்தின்னு" என்று சொல்லிவிட்டு அவர் சாலையைக் கடந்து முன்வாசலில் நுழைந்தார். நிலைக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கியது.

எனக்கு உடம்பு ஒரு நொடி லேசானது. அவர்கள் ஏமாற்றவில்லை. தங்கள் கணக்கு ஏன் பெருத்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. லட்சுமியை உள்ளே நிறுத்தப் பூட்டிய கதவு, ஊழியர்களின் ஒவ்வொரு டீயையும் ஒன்றுக்குப் போகும் ஒவ்வொரு நடையையும் ஒரு வாடிக்கையாளராக்கிக் கொண்டிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மூன்று பேர், மூன்று முந்திரி முதலாளிகளைவிட அதிகமாகக் கம்பெனியின் கண்ணில் தெரிந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் கடலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களுக்குச் சட்டைப்பை, ஊழியர்களுக்கு வேட்டி மடிப்பு. நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அன்று முகூர்த்த நாள். ஒரு குடும்பம் கார் எடுக்க வேனில் வந்து இறங்கியது. பட்டுப்புடவையில் பெண்கள், தேங்காய்த் தட்டு, கைக்குழந்தைகள். அத்தனை தலைகளையும் எண்ணுவதா, ஒரு காருக்கு ஒரு தலை என்பதா? எங்கள் ஊரில் கார் வாங்குவது பெண் பார்ப்பது போலத்தான். முதலில் இரண்டு ஆம்பிளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு வீட்டுப் பெண்கள் வந்து நிறம் சொல்வார்கள். கடைசியில் மொத்தக் கூட்டமும் வரும். கடலூரிலும் அப்படியே என்பதால் தலைக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஒரே தவறு இருந்தால் அது தவறில்லை என்பது என் அலுவலகத்தில் கற்றது.

சாயங்காலம் மடிப்பு பிதுங்கியது. சட்டைப்பையில் இருந்தவை ஒரு கைப்பிடிதான்.

மறுநாள் யாரும் கேட்காமலேயே கடலூர் ஷோரூமுக்கு எதிரே போய் ஒரு மருந்துக்கடை நிழலில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் ஷோரூமில் பின்வாசல் திறந்தே இருக்கும். டீ, தண்ணீர், வாளி எல்லாம் அந்த வழி. முன்வாசலில் வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தான். காவலாளி என்னைப் பார்த்துவிட்டு, "சார், மேனேஜர் மாமாதானே? உள்ள வந்து ஏசில உக்காருங்களேன்" என்றார். வேண்டாம் என்று கையசைத்தேன். சாயங்காலம் வலது பையைத் தடவிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. உண்மையான ஆட்கள் கடலூரில்தான் அதிகம். கொஞ்சநஞ்சம் இல்லை, ஒன்றுக்கு ஒன்றேமுக்கால்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. நடந்தே வந்திருக்கவேண்டும். கால் வலித்தது இரவில்தான் தெரிந்தது. மகள் சமையலறையில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசைமேல் கடலைகளை மூன்று குவியலாகக் கொட்டினேன்: சிதம்பரத்து வாடிக்கையாளர்கள், சிதம்பரத்து ஊழியர்கள், கடலூர். பின்வாசல், வாஸ்து, பீரோ, சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க கடைய மூட மாட்டாங்க மாப்பிள்ள. மூடவே முடியாது. இத எழுதி அனுப்புங்க. வந்து பாக்கட்டும்."

மிக்ஸி நின்றிருந்தது. மாப்பிள்ளை குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கடலையை எடுத்து உரித்தார். தின்னவில்லை. தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் வைத்தார்.

"நல்லா பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"சரிங்க மாமா."

"கை கழுவிட்டு வாங்கப்பா, தோச ஆறுது" என்றாள் மகள். அவள் குரல் சின்ன வயதில் தேர்வில் தோற்றதை மறைக்கும்போது இருந்த குரல்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போன பிறகு மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் எதுவும் இல்லை. அவள் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"அப்பா, கோயம்புத்தூர் வேலைக்கு அவுரு போன தையிலயே ஒத்துக்கிட்டாரு."

மேசைமேல் கிடந்த ஒரு கடலைத்தோலை எடுத்தேன்.

"கட மூடுனாலும் மூடலன்னாலும் போறதுதான். பம்பு செய்யிற கம்பெனி. கார் விக்கிற வேலையே வேணாம்னுட்டாரு. ஒம்போது வருஷமா அடுத்தவன் சாவிய அடுத்தவன் கையில குடுத்து, பக்கத்துல நின்னு சிரிச்சிக்கினு போட்டோ புடிச்சிக்கிட்டேன், போதும்ங்கறாரு. எனக்கும் அங்க ஒரு ஸ்கூல்ல வேலைக்குப் பேசி வச்சிருக்குது."

"அப்போ என்னை எதுக்கு அனுப்புனீங்க?"

அவள் மேசை விளிம்பைத் தடவினாள். "உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. கட போச்சு, அதனால போறோம்னா நீங்க ஒத்துக்குவீங்கன்னு நெனச்சோம். மெஷின் கணக்குல எப்பிடியும் சிதம்பரம்தான் ஜாஸ்தி. நீங்களே எண்ணிப் பாத்துட்டா மனசு ஆறிடும்னு அவுருதான் சொன்னாரு. நீங்க வேற எதுக்குப்பா கட்டுப்பட்டிருக்கீங்க? கணக்குக்குத்தான் கட்டுப்படுவீங்க."

"கணக்கு மாறிப்போச்சே."

"ஆமாம். போயி கக்கூசு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அவள்தான் முதலில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்கப்பா" என்றாள். "அங்கயும் எண்ணறதுக்கு எவ்வளவோ இருக்குது."

பார்க்கலாம் என்றேன். கோபப்பட்டிருக்கலாம். ஆனால் யார்மேல்? அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, என்னை நோகாமல் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஒரு கருவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். நீங்கள் போனாலும் அந்த ஷோரூமில் இருபது பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்காகவாவது இதைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று. "நானே நெனச்சேன் மாமா" என்றார். நினைத்தாரோ என்னவோ, செய்தார். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து சிதம்பரத்தில் பீரோவைப் பார்த்தார்கள். அதுவரை வந்த கணக்கைச் செல்லாது என்றார்கள். பிறகு சிதம்பரத்து முதலாளி பூசணிக்காய் உடைத்துப் பின்வாசலைத் திறந்தாராம். இரண்டு ஷோரூமையும் இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று கம்பெனி விட்டுவிட்டது. டீக்கடையம்மாளுக்கு வியாபாரம் குறைந்திருக்குமோ என்று எனக்கு ஒரு கவலை. பின்வாசலுக்கு அந்தப் பக்கமும் ஒரு டீக்கடை இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

வைகாசியில் லாரி வந்தது. சாமான்களை ஏற்றும்போது பேத்தி பக்கத்தில் நின்று அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள், விரல் கணுக்களைத் தொட்டு. நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் மழைக்காலம் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. மகள் தினமும் இரவு போன் செய்கிறாள். மாத்திரை எத்தனை மிச்சம் என்று கேட்கிறாள். சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கால் போன போக்கில் புதுச்சேரி சாலைப் பக்கம் போனேன். ஷோரூம் கண்ணாடிக்குள் விளக்குகள் எரிந்தன. புது மேலாளர் யாரோ இளைஞர், போனில் பேசிக்கொண்டு ஒரு வெள்ளைக் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. காவலாளி என்னை அடையாளம் கண்டு எழுந்துவந்தார்.

"சார், வாங்க. எங்க ஆளையே காணும்? மேனேஜர் சார் நல்லா இருக்காரா? உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

இந்த முறை மறுக்கத் தெம்பில்லை. அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. நிலைக்கு மேலே சின்னச் சிவப்பு விளக்கு.

"இப்பிடி வேணாம்பா. நான் பின்பக்கமா வரேன்."

"ஏன் சார்?"

"இப்பிடி வந்தா கணக்குல சேந்துடுவேன்."

"ஒரு ஆள்தானே சார். கூடுனா எங்களுக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனாலும் முடியவில்லை. பக்கச்சந்தில் கார் கழுவிய தண்ணீர் தேங்கியிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, பின்வாசலுக்குச் சுற்றிப் போனேன்.